எது கிளென்னாவின் பேனா

எங்கள் வளாகத்தில் யாருக்காவது பேனா அடைத்துக்கொண்டால் என்னிடம் கொண்டுவருவார்கள். எழுதுகிற பேனா இல்லை. கஞ்சா எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கிற பேனா, எங்கள் ஊரில் கடையில் சட்டப்படியே கிடைக்கும். வயதானவர்கள் மட்டும் குடியிருக்கும் மஞ்சனிட்டா தோப்பு என்கிற இந்த வளாகத்தில் முட்டிவலிக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, மருமகள் வந்திருக்கும்போது ஒன்று என்று ஆளுக்கொரு பேனாவாவது சட்டைப்பையில் இருக்கும். நான் மட்டும் தொடுவதில்லை. அதற்கு ஒழுக்கம் காரணமில்லை. கஞ்சாவுக்குப் பேர்போன மெண்டசினோ கவுண்டியிலேயே பிறந்து வளர்ந்து, இரண்டு இழுப்புக்குத் தாங்காத ஒரே ஆண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை இழுத்துவிட்டு மாமனார் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து மீன் தொட்டியிடம் வெகு நேரம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு சரி.

ஆனால் சுத்தம் செய்வேன். வாழ்நாளெல்லாம் கார்புரேட்டர் கழற்றி மாட்டிய கை இது. கார்களில் கார்புரேட்டர் வைப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது, என் கைக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. பேனாவும் ஒரு குட்டிக் கார்புரேட்டர்தான். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சூடு, கொஞ்சம் காற்று, ஒரு சின்னத் துளை. எங்கே என்ன கோளாறு வந்தாலும் விசாரித்துப் பார்த்தால் குற்றவாளி அந்தத் துளைதான்.

அந்தச் சனிக்கிழமை காலை கிளென்னா மார்செட்டி வந்தாள். எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ஒரு கையால் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேனாவை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது செத்துப்போச்சு வெர்ன்."

"என்ன பண்ணே இதை?"

"நான் என்ன பண்ணேன். இழுத்தா காத்தே வரலை. உறிஞ்சி உறிஞ்சி கன்னம் ரெண்டும் உள்ளே ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான் மிச்சம்."

"படுக்க வச்சியா?"

"யாரை?"

"பேனாவைத்தான். நிக்க வை, நிக்க வைன்னு எத்தனை தடவை சொல்றது. படுத்தா எண்ணெய் வாய்ப்பக்கம் இறங்கி அங்கேயே உறைஞ்சுடும்."

"நானே நாற்காலில சாய்ஞ்சுதான் தூங்கறேன். அதுக்கு மட்டும் நிக்கணுமாக்கும்." பேனாவை என் கையில் திணித்தாள். "சீக்கிரம் பண்ணிக் கொடு. இன்னிக்கு ராய்ஸ் வர்றான்."

நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

ராய்ஸ் அவளுடைய ஒரே மகன். சாக்ரமெண்டோவில் காப்பீட்டு நிறுவனத்தில், அடிபட்ட கார்களைப் பார்த்து மதிப்புப் போடுகிறவன். நல்ல பிள்ளை. போன மாதம் வந்தபோது கிளென்னா அவனைச் செத்துப்போன நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருமுறை அல்ல, அவன் இருந்த நேரம் முழுக்க. போதாததற்கு வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தும் போனாள். அக்கி வந்துபோன இடத்தில் அவளுக்கு விலாவோரம் நரம்புவலி. அதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் எடுக்கும், ஆளை மொத்தமாக எடுத்துவிடும். அன்றைக்கு அவள் அந்த மாத்திரையில் இருந்தாள். மகனிடம் வலியைப் பற்றியும் சொல்லவில்லை, மாத்திரையைப் பற்றியும் சொல்லவில்லை. அவன் பார்த்ததெல்லாம் புத்தி தடுமாறும் ஓர் அம்மாவை. சாக்ரமெண்டோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு இடம் பேசி வைத்துவிட்டான். இன்றைக்கு வருவது முடிவு சொல்ல.

"இன்னிக்கு நான் நேரா உக்காந்து நேரா பேசணும்," என்றாள் கிளென்னா. "மாத்திரை போட்டா உளறுவேன். போடாம இருந்தா முனகுவேன். இது இருந்தாத்தான் நான் நானா இருப்பேன்."

அவளுடைய பேனாவில் இருந்தது மிதமான எண்ணெய். வலியைத் தள்ளி வைக்கும், தலைக்குள் நுழையாது. கடையில் பல மாதிரி வாங்கிப் பார்த்து அவளே கண்டுபிடித்தது.

கிளென்னா போய்விட்டால் உனக்கென்ன என்று கேட்கலாம். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்துப் போடும்போது, நான் எழுதிய விடையைப் பார்த்து, பள்ளிக்கூடம் பக்கம் போயிருக்கியா நீ என்று கேட்க ஆள் இருக்காது. அவ்வளவுதான். அதைப் பெரிய விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேனாவைக் கழற்றும்போது என் விரல் வழக்கத்தைவிடக் கவனமாக இருந்தது.

மேசைமேல் ஏற்கெனவே இன்னொரு பேனா காத்திருந்தது. ஹப் லைலுடையது. ஹப் அடுத்த சந்தில் இருக்கிறான். முப்பது வருஷம் வானுயர்ந்த ரெட்வுட் காட்டில் மரம் வெட்டியவன், உடம்பில் முறியாத எலும்பு என்று பார்த்தால் காது மட்டும்தான் மிச்சம், அதில் எலும்பு இல்லாததால். அவன் பேனாவில் இருப்பது கடையிலேயே ஓங்கி அடிக்கும் சரக்கு. அதில் ஒரு இழுப்பு போதும், சாதாரண மனிதன் தன் செருப்பைப் பார்த்து இது யாருடைய கால் என்று கேட்பான்.

விதி எங்கே விளையாடியது என்றால், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடையில் போட்டபோது இந்த இருவரும் கூட்டுச் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். ஒரே வெள்ளி நிறம், ஒரே நீளம், உள்ளே எண்ணெயும் ஒரே தேன் நிறம். அடையாளத்துக்காக எண்ணெய்க் குப்பியின் கழுத்து வளையத்தில் அவரவர் பெயரின் முதலெழுத்தை மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள்.

வேலையை முறையாகத்தான் செய்தேன். பேட்டரியிலிருந்து குப்பியைத் திருகிக் கழற்றினேன். குப்பிகளை முட்டை அட்டைக் குழியில் நிற்க வைத்தேன், இடது ஓரம் கிளென்னா, வலது ஓரம் ஹப். வாய் வைக்கிற முனைகளை மட்டும் மருந்துக்கடை ஸ்பிரிட் ஊற்றிய ஜாம் பாட்டிலில் ஊறப் போட்டேன். பேட்டரியை நனைக்கக் கூடாது. பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டுப் பிழிந்து, அதன் மரையைச் சுற்றி ஒட்டியிருந்த பழுப்புப் பிசினைத் துடைத்தேன். நடுவில் இருக்கிற குட்டி ஊசி உள்ளே அமுங்கியிருந்தது. அது அமுங்கினால் குப்பியைத் தொடாது, தொடாவிட்டால் சூடு ஏறாது. பல்குச்சியால் அதை மெல்ல நெம்பி விட்டேன். குப்பியின் துளையில் உறைந்திருந்ததை ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி இளக்கிக் குச்சியால் எடுத்தேன். பிறகு எல்லாம் வெயிலில் காயட்டும் என்று முட்டை அட்டையை ஜன்னல் பக்கம் தூக்கி வைத்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வியாதி உண்டு. வண்டியை எடுத்துப்போக வருகிறவன் எஞ்சினைத் திறந்து பார்க்க மாட்டான், மேலே பளபளக்கிறதா என்றுதான் பார்ப்பான். அதனால் கடைசியில் வெளிப்பக்கத்தையும் ஒரு துடை துடைத்துக் கொடுப்போம். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து இரண்டு குப்பிகளையும் கண்ணாடி மாதிரி துடைத்தேன். கை அழகாகச் சுழன்றது. என்னை நானே மெச்சிக்கொண்டு பஞ்சைக் கீழே வைத்தபோதுதான் அது கறுப்பாக இருப்பதைப் பார்த்தேன்.

மார்க்கர் மை.

பரவாயில்லை, இடது ஓரம் கிளென்னா என்று சொல்லிக்கொண்டேன். பிறகு அட்டையைப் பார்த்தேன். ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அப்படியே கொண்டுவந்தேனா, திருப்பி வைத்தேனா? மேசையில் உட்கார்ந்து கண்ணை மூடி யோசித்தேன். திருப்பவில்லை. எழுந்து ஜன்னலருகே போய் நின்று யோசித்தேன். திருப்பினேன். மறுபடி மேசையில் உட்கார்ந்தால் திருப்பவில்லை என்றே தோன்றியது. முட்டை அட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் வைக்காமல் செய்கிறவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஹப்பைப் போனில் கூப்பிட்டேன். தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தான். இரண்டு பேனாவையும் பூட்டி அவன் முன்னால் வைத்தேன்.

"யோவ், இதுல எது உன்னோடது?"

ஒன்றை எடுத்து நெஞ்சு நிறைய இழுத்தான். மற்றதை எடுத்து அதே மாதிரி இழுத்தான். "நல்லாக் கழுவியிருக்கேய்யா. ரெண்டும் புதுசு மாதிரி இழுக்குது."

"அதைக் கேக்கலை. எது ஓங்கி அடிக்குது?"

மறுபடி இரண்டையும் இழுத்தான். கூரையைப் பார்த்தான். "ரெண்டும் காத்து மாதிரிதான் இருக்கு."

"ஒண்ணு உன்னோட சரக்குய்யா. ஒரு குதிரையையே உக்கார வைக்கும்."

"எனக்கு இப்பல்லாம் எதுவும் ஏறறதில்லை வெர்ன். பல்லு பிடுங்கப் போனேன், மரத்துப்போற ஊசியே ஏறலை."

"ருசியிலயாவது தெரியுதா?"

"சளி பிடிச்சு விட்டதுலேருந்து காபிக்கும் டீசலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை." தூண்டிலை மறு தோளுக்கு மாற்றினான். "நீயே இழுத்துப் பாரேன். மூடியை மோந்தாலே உனக்கு ஏறுமே. உன்னை மாதிரி மீட்டர் இந்த ஊர்லயே கிடையாது."

"நான் தொடறதில்லைன்னு தெரியாதா உனக்கு?"

"அதனாலதான் சொல்றேன். சுத்தமான மீட்டர்." ஏரிக்குப் போய்விட்டான். நான்கு இழுப்பு இழுத்தவன் நேர்க்கோட்டில் நடந்து போனதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

கிளென்னா போன் செய்தாள். "ஆச்சா? ராய்ஸ் கிளியர் லேக்கைத் தாண்டிட்டானாம், கிட்ட வந்துட்டான்."

"ஆயிட்டே இருக்கு."

"குரல் ஏன் அப்படி இருக்கு? வலி ஜாஸ்தியாகுதுப்பா. பேசாம மாத்திரையைப் போட்டுக்கட்டுமா?"

"போடாதே. இதோ கொண்டுவந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு இரண்டு பேனாவையும் பார்த்தேன். தவறானதைக் கொடுத்தால் ராய்ஸ் உள்ளே வரும்போது அவன் அம்மா நாயின் பெயரைக் கூட நினைவில் வைத்திருக்க மாட்டாள். நாளை அவள் வீட்டு வாசலில் சாமான் வண்டி நிற்கும். வேறு வழியில்லை, நான்தான் மீட்டர்.

முதல் பேனாவின் பொத்தானை அமுக்கி, குருவி தண்ணீர் குடிப்பதுபோல ஓர் இழுப்பு. உட்கார்ந்து காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் இதுதான் கிளென்னாவுடையது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? இரண்டாவதில் ஓர் இழுப்பு. அதிலும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் இழுத்தது குறைவோ என்று சந்தேகம் வந்தது. முதலாவதில் இன்னொன்று. முதலாவதுக்கு மட்டும் இரண்டு கொடுத்தால் கணக்கு சரியாக வராது என்று இரண்டாவதிலும் இன்னொன்று.

எஞ்சின் வேலையில் என்னிடம் யார் பழக வந்தாலும் முதல் நாளே ஒன்று சொல்வேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இல்லாவிட்டால் எது காரணம் என்று தெரியாது. இதை நான் சொல்லுவேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. எப்போது வந்தது என்றால், குளிர்சாதனப் பெட்டி என்னிடம் ஏதோ கேட்பதுபோல ரீங்காரம் செய்ய ஆரம்பித்த பிறகு.

ஏறிவிட்டது. அதில் சந்தேகமில்லை. எது ஏற்றியது?

அவை ஒவ்வொரு கையிலும் ஒன்றாக இருந்தன. வலது கையில் இருப்பது முதலாவது என்று நினைத்தேன். அல்லது முதலில் எடுத்த கை வலது. இடையில் ஒருமுறை மூக்கைச் சொறிந்தேன், அப்போது எந்தக் கை காலியாக இருந்தது? இனிமேலாவது கலந்துவிடக் கூடாது என்று ஒன்றை இடது கால்சட்டைப் பையிலும் மற்றதை வலது பையிலும் போட்டு, இரண்டு கையையும் உள்ளேயே விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதை எதிலிருந்து பிரித்துக் காப்பாற்றுகிறேன் என்று தெரியாது. ஆனால் காப்பாற்றுவதில் உறுதியாக இருந்தேன்.

கை இரண்டும் பையில் இருந்தால் கதவைத் திறக்க முடியாது. இடுப்பால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் மிகவும் சத்தமாக இருந்தது. சக்கரத்தின்மேல் கட்டி இழுத்துவந்து நிறுத்திய எங்கள் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை, ஒரே மூன்று படி. நெடுநேரம் நடந்து கிளென்னாவின் வீட்டை அடைந்து, காலால் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். காத்திருந்த நேரத்தில் வாசலைப் பார்த்தேன். ஜெரேனியச் செடி காய்ந்து கிடந்தது. ஒரு செருப்பு இங்கே, ஒன்று அங்கே. இந்த வீட்டில் இருக்கிறவனுக்குக் கொஞ்சமும் பொறுப்பில்லை, இவனை நம்பி ஒரு வேலை கொடுக்கலாமா என்று வருத்தப்பட்டேன். அப்புறம்தான் அது என் வீடு என்று தெரிந்தது. வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறேன்.

கிளென்னாவின் வீட்டு வாசலில் சாம்பல் நிறக் கார் நின்றது. நான் உள்ளே நுழைந்தபோது அவள் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரை போடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது, கை விலாவோரம். எதிரே ராய்ஸ், அகலமான தோளோடு, சின்ன சோபாவில் தன்னை மடித்து வைத்திருந்தான்.

"வாங்க வெர்ன். எப்படி இருக்கீங்க?"

அதை நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க விரிந்துகொண்டே போனது.

"கேள்வி பெரிசா இருக்கே," என்றேன்.

ராய்ஸ் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னை, நொறுங்கிய பம்பரைப் பார்க்கிற பார்வை பார்த்தான். "கையை வெளியே எடுத்துட்டு உக்காருங்களேன்."

"எடுத்தா கலந்துடும்."

"எது?"

"உங்கம்மாவும் ஹப்பும்."

ராய்ஸ் எழுந்து வந்து என் முன்னால் மண்டியிட்டான். அவன் குரல் மிகவும் மென்மையாகிவிட்டது. "வெர்ன், இன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?"

"கிளென்னா வந்தது சனிக்கிழமை."

"சரி. இன்னிக்கு?"

"அதுக்கப்புறம் வர்றதாத்தானே இருக்கணும்."

"அம்மா, இவருக்கு அடிக்கடி இப்படி ஆகுதா?"

"தள்ளுடா." கிளென்னா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் தாடையைத் தூக்கிக் கண்ணைப் பார்த்தாள். "ரெண்டையும் இழுத்தியா?"

"நியாயமா இருக்கணும்னு."

"எவ்வளவு?"

"ரெண்டுலயும் சமமா."

"கடவுளே. எழுத்து எழுதியிருந்துதே வளையத்துல?"

"நல்லா சுத்தம் பண்ணேன் கிளென்னா. நீ இன்னும் பாக்கலை. கண்ணாடி மாதிரி இருக்கு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அவள் முகம் என்ன சொல்கிறது என்று என்னால் படிக்க முடியவில்லை, கோபமா சிரிப்பா வலியா என்று. ராய்ஸ் போனை எடுத்தான். "நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டு என்ன சொல்லுவே? ஒரு கிழவர் சோபாவுல உக்காந்து அழறார்னா? அதை உள்ள வை. ஷூவைக் கழட்டி விடு அவனுக்கு. ஜன்னலைத் திற. அந்த அலமாரில உப்பு பிஸ்கட் இருக்கு, ஃபிரிட்ஜ்ல சீஸ் இருக்கு, எடு. துண்டை நனைச்சுப் பிழிஞ்சு கழுத்துல போடு. பேசிட்டே இரு, பேச்சை நிறுத்தினா பயந்துக்குவான். கொஞ்ச நேரத்துல இறங்கிடும்."

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம்..."

"அம்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேண்டா. பாதி ஊருக்குத் துண்டு நனைச்சிருக்கேன்."

ராய்ஸ் ஓடி ஓடிச் செய்தான். இவ்வளவு பெரிய ஆள் என் காலிலிருந்து ஷூவைக் கழற்றியது எனக்கு மிகவும் மரியாதையாக இருந்தது. கிளென்னா என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். "எடு ரெண்டையும்."

"விட்டுட்டா எது எதுன்னு தெரியாமப் போயிடும்."

"இப்பத் தெரியுமா?"

அது நல்ல கேள்வியாகப் பட்டது. கையை வெளியே எடுத்தேன்.

இரண்டு பேனாவையும் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகத் தலைகீழாகக் கவிழ்த்தாள். குப்பிக்குள் இருந்த காற்றுக்குமிழ் ஒன்றில் சட்டென்று மேலே ஓடியது. மற்றதில் அசைய மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"ஓடறது என்னோடது. மெல்லிசு. நகராம இருக்கே, அது ஹப்போடது. அவன் சரக்கு தார் மாதிரி." ஹப்பின் பேனாவை அலமாரிமேல் வைத்தாள். "காலமெல்லாம் எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தின மனுஷன் நீ. கெட்டி எது, மெல்லிசு எதுன்னு கவுத்துப் பாக்கத் தோணலை உனக்கு."

தோன்றவில்லை. சீஸைப் பார்த்து அதை ஒப்புக்கொண்டேன்.

ராய்ஸ் நனைந்த துண்டோடு நின்றுகொண்டிருந்தான். "அது உன்னோடதா? நீயா இதை இழுக்கறே?"

"வலிக்குடா."

"என்ன வலி?"

கிளென்னா நாற்காலியில் உட்கார்ந்தாள், இந்த முறை நிமிர்ந்து அல்ல. "அக்கி வந்துதில்ல, அது போச்சு. வலி போகலை. சட்டை பட்டா கத்தி பட்ட மாதிரி இருக்கும். டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். போன தடவை நீ வர்றேன்னு அதைப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். உன்னை டஃபி டஃபின்னு கூப்பிட்டது அந்த மாத்திரை. பாத்திரத்தைக் கருக்கினதும் அதுதான். நீ அன்னிக்கு என்னைப் பாக்கவே இல்ல."

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவே."

"சொல்லாததாலதான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். நடுவில் நான் இருந்தது வசதியாக இருந்திருக்கும். கிளென்னா பேனாவின் பொத்தானை வரிசையாக அமுக்கி உயிர் கொடுத்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி இழுத்தாள், தடை இல்லாமல் வந்தது, மெல்ல வெளியே விட்டாள். மகன் முன்னால் அவள் அதைச் செய்தது அதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காதுவரை தூக்கியிருந்த அவள் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது. விலாவைப் பிடித்திருந்த கை தானாக மடியில் இறங்கியது. ராய்ஸ் அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்புப் போடுகிற பார்வை இல்லை அது.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. "அப்ப நீ போகலையா கிளென்னா?"

"தெரியலை வெர்ன். அவன்தான் சொல்லணும்."

சரி என்று பிஸ்கட் தின்றேன். அது முறியும் சத்தம் தலைக்குள் வெகுதூரம் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது கேள்வி இன்னும் கேட்கப்படாமல் இருப்பதாகத் தோன்றியது.

"கிளென்னா, நீ போறியா?"

"இப்பத்தானே கேட்டே."

"என்ன சொன்னே?"

"அவன்தான் சொல்லணும்னேன்."

"யாரு?"

இதை நான் தந்திரமாகச் செய்தேன் என்று ஹப் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான். அவ்வளவு மூளை இருந்திருந்தால் மார்க்கர் எழுத்தைத் துடைத்திருப்பேனா? ராய்ஸ் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"இவரை யாரும்மா பாத்துக்கறாங்க?" என்று கேட்டான்.

"நான்தான்."

"உன்னை?"

"இவன்தான்."

ராய்ஸ் என்னைப் பார்த்தான். நான் சீஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அந்த நிலையில் என்னால் என்ன நம்பிக்கை கொடுக்க முடியுமோ அதைக் கொடுக்க முயன்று தலையாட்டினேன்.

"தினம் காலைல என் கதவைத் தட்டுவான்," என்றாள் கிளென்னா. "என் கார்ல ஆயில் பாக்கறது இவன், குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்றது இவன். வலிச்சா இதைச் சரிபண்ணிக் கொடுப்பான். இன்னிக்குக்கூட எனக்குத் தப்பானதைக் கொடுத்துடக் கூடாதுன்னுதான் இப்படி வந்து நிக்கறான். உன்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு, அதுக்காக என்னைக் கோவிச்சுக்கோ. ஆனா என்னைத் தனியா விட்டுட்டதா நினைச்சுக்காதே."

ராய்ஸ் என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான். சோபா சாய்ந்து நான் அவன்மேல் சரிந்தேன். அவன் என்னை நிமிர்த்தவில்லை. அவனிடமும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ராய்ஸ், கிளென்னா போறாளா?"

நீண்ட நேரம் ஆன மாதிரி இருந்தது. உண்மையில் எவ்வளவு நேரம் என்று அன்றைக்கு என்னைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

"இல்ல வெர்ன்," என்றான். "அம்மா எங்கயும் போகலை." பிறகு அவளைப் பார்த்து, "ஆனா அந்த டாக்டர்கிட்ட நானும் வருவேன். அடுத்த தடவை வலிச்சா எனக்குப் போன் பண்ணணும். நாய் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை, பண்ணணும்."

கிளென்னா தலையை மட்டும் அசைத்தாள். பேசியும் இருக்கலாம், நான் கேட்காமல் விட்டிருப்பேன்.

ராய்ஸ் ஒரு பிஸ்கட்டில் சீஸை வைத்து என்னிடம் கொடுத்தான், இன்னொன்றில் வைத்துத் தன் அம்மாவிடம் கொடுத்தான். கழுத்துத் துண்டிலிருந்து தண்ணீர் முதுகில் வழிந்து எனக்கு மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. குளிர்சாதனப் பெட்டி வெறும் குளிர்சாதனப் பெட்டியாயிற்று. அன்று சனிக்கிழமை என்பதும் தெளிவாகிவிட்டது. அம்மாவும் மகனும் டாக்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, சாதாரணமாக.

அப்போது இன்னொரு தடவையும் கேட்டேன்.

"அப்ப கிளென்னா போகலையா?"

"போகலை வெர்ன்," என்றான் ராய்ஸ் அலுப்போடு. "சாப்பிடுங்க."

அந்த நாலாவது தடவை பதில் எனக்கு நன்றாகவே தெரியும். கேட்க நன்றாக இருந்தது, அதனால் கேட்டேன்.